நாயின் உரோமத்தில் ஒட்டிவரும் எண்ணெய்

கேள்வி: டொரன்டோவில் வசிக்கும் என் தங்கைக்கு, பற்றைக்குள் ஓடித் திரும்பிய நாயைத் தடவிய பின் இரு கைகளிலும் கொப்புளங்கள் வந்தன. ‘பொய்சன் ஐவி’ என்னும் செடியே காரணம் என்று அங்குள்ள வைத்தியர் கூறியிருக்கிறார். ஹட்டனில் எங்கள் நாயும் தினமும் தேயிலை மலைக்குள் புகுந்து வருகிறது. சில நாட்களாக எனக்கும் மகனுக்கும் கையிலும் வயிற்றிலும் அரிப்பு இருக்கிறது. நாயும் ஓயாமல் சொறிகிறது. இதுவும் அதுதானா? நாயை அகற்றிவிட வேண்டுமா?

பதில்: உங்கள் தங்கைக்கு வந்தது வேறு, உங்களுக்கு வந்திருப்பது வேறு என்றே கருதுகிறேன். பொய்சன் ஐவி நமது மலைகளில் வளரும் செடியன்று. மாமரமும் மரமுந்திரிகையும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்த அச்செடியின் பாலில் உருஷியோல் என்னும் எண்ணெய் இருக்கிறது. மாம்பால் பட்டுச் சிலருக்கு வாய் ஓரம் வெந்துபோவதும் ஏறத்தாழ இத்தகைய பொருளால்தான். அடர்ந்த உரோமம் தோலைக் காப்பதால் நாய்க்குப் பெரும்பாலும் எதுவும் நேர்வதில்லை. ஆனால் உரோமத்தில் படிந்த எண்ணெய், அதைத் தடவுபவரின் தோலுக்கு மாறி, ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவருக்குப் பொதுவாக ஓரிரு நாட்களில் கோடு கோடாகச் சிவந்து கொப்புளிக்கிறது. கொப்புள நீரால் இது பிறருக்குத் தொற்றாது. கழுவப்படாத கழுத்துப்பட்டியிலும் போர்வையிலும் அந்த எண்ணெய் மாதக்கணக்கில் வீரியத்தோடு இருக்கும் என்பதால், தங்கை கையுறை அணிந்து நாயைச் சவர்க்காரமிட்டுக் குளிப்பாட்டுவதோடு அவற்றையும் துவைக்க வேண்டும். செடி பட்ட உடனேயே தன் கையைச் சவர்க்காரத்தால் கழுவுவதே அவருக்கு மிகுந்த பயன் தரும். தாமதித்துக் கழுவினால் பலன் குறைவு.

உங்கள் கடிதத்தில் என் கவனத்தை ஈர்த்தது, நாயும் சொறிகிறது என்ற சிறு குறிப்புதான். செடியின் எண்ணெயை வெறுமனே சுமந்து வரும் நாய் அப்படிச் சொறிவது அரிது. காது விளிம்பிலும் முழங்கை மூட்டிலும் உரோமம் கொட்டிப் பொருக்குத் தட்டியிருந்தால், கண்ணுக்குத் தெரியாத உண்ணியால் வரும் சொறிநோயையே முதலில் சந்தேகிக்க வேண்டும். நாயை அணைத்துத் தூக்குபவர்களுக்குக் கையிலும் வயிற்றிலும் சிறு சிறு சிவந்த பருக்களாக அரிப்பு எழுவதும் இதனோடு பொருந்துகிறது. நாயின் உண்ணி மனிதத் தோலில் நிலைத்துப் பெருகுவதில்லை. நாய்க்குச் சிகிச்சை அளித்தால் உங்கள் அரிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். தெள்ளுக்கடியும் படையும் இதே போலத் தோன்றக்கூடும் என்பதால் மிருக வைத்தியர் நாயைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். சொறிநாய்க்குக் கழிவு எஞ்சின் ஒயிலைப் பூசும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. நாய் அதை நக்கி விழுங்கும், அது நஞ்சு. உங்கள் வீட்டு மருந்துகளையும் கொடுக்காதீர்கள்.

அரிப்புக்குக் கலமைன் பூசலாம். ஆனால் விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் அரித்து, இரவில் அது அதிகமாகி, நாயைத் தொடாதவர்களுக்கும் பரவினால், அது மனிதரிடையே தொற்றும் சிரங்காக இருக்கலாம். லயன் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் நெருங்கி வாழ்வோரிடையே அது விரைவாகப் பரவும். அப்போது வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நேரத்தில் மருந்து பூச வேண்டியிருக்கும் என்பதால், மகனோடு நீங்களும் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சீழ், காய்ச்சல், முக வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் கண்டால் தாமதிக்க வேண்டாம். நாயை அகற்ற வேண்டிய அவசியம் இல்லை. அது குணமாகும் வரை படுக்கையில் மட்டும் ஏற்றாதீர்கள்.