10 அடி சீலிங்குக்கு எத்தனை அடி ஏணி?

கேள்வி: வீட்டுக்குள் 10 அடி உயரத்தில் இருக்கும் விளக்குகளை மாற்ற வேண்டும். அவ்வப்போது 12 அடி உயரக் கூரைக்கும் ஏற வேண்டும். இரண்டுக்கும் ஒரே அலுமினிய ஏணி போதுமா? வீட்டில் கிடக்கும் பழைய மர ஏணிக்குப் பெயிண்ட் அடித்துப் பயன்படுத்தலாமா?

பதில்: ஒரே ஏணி போதாது. விளக்குக்குக் கீழே சாத்துவதற்குச் சுவர் இருக்காது, அதனால் தானாக நிற்கும் மடக்கு ஏணி வேண்டும். கூரைக்குச் சாத்து ஏணி. மடக்கு ஏணியை விரிக்காமல் அப்படியே சுவரில் சாத்தி ஏறுவதைப் பலர் செய்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். அதன் கால்கள் விரித்து நிற்பதற்கென்றே அமைந்தவை. சாத்தினால் பாதத்தின் ஓரம்தான் தரையில் படும், சட்டென்று வழுக்கிவிடும்.

வாங்கும்போது ஏணி எத்தனை அடி என்பதைவிட, உங்கள் கால் எந்தப் படியில் நிற்கும் என்று பாருங்கள். மடக்கு ஏணியின் உச்சியிலும் அதற்கு அடுத்த படியிலும் நிற்கக் கூடாது. 6 அடி ஏணியில் படிகள் ஒரு அடி இடைவெளியில் இருந்தால், 4 அடி வரைதான் ஏறலாம். நடுத்தர உயரம் உள்ளவர் அங்கே நின்று கையைத் தூக்கினால் 10 அடி தாராளமாக எட்டும். 5 அடி ஏணி வாங்கினால் கொஞ்சம் எட்டாமல் போகும்; "இன்னும் ஒரு படிதானே" என்று தோன்றும். குட்டை ஏணியின் ஆபத்தே அதுதான். உங்களுக்கு 6 அடி சரி.

கூரைக்கான கணக்கு வேறு. ஏணி கூரை விளிம்பைத் தாண்டி 3 அடியாவது மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கூரைக்குக் கால் மாற்றும் அந்த நொடியில் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இருக்காது. ஆக, 12 அடிக் கூரைக்கு 16 அடி ஏணி. நீட்டும் ஏணி என்றால் இன்னும் கவனம் வேண்டும்: இரண்டு துண்டும் சுமார் 3 அடி ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும் என்பதால், 16 அடி என்று விற்பது நீட்டினால் 13 அடிதான் வரும். 20 அடியாக வாங்குங்கள்.

சாத்தும்போது 4-க்கு 1 என்பது கணக்கு. ஏணி சாயும் இடம் 12 அடி உயரம் என்றால், அடிப்பகுதி சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். இதைவிடச் செங்குத்தாக வைத்தால் ஏணி பின்னால் சாயும். அதிகமாகத் தள்ளினால் அடி வழுக்கும். டேப் இல்லையா? ஏணியின் காலில் உங்கள் கால்விரல் படும்படி நிமிர்ந்து நின்று கைகளை நேராக நீட்டுங்கள். உள்ளங்கை படியைத் தொட்டால் கோணம் சரி. உச்சியைக் கட்டிவிடுங்கள், கட்டும்வரை கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மண் தரையில் பலகை போட்டு வையுங்கள்; ஒரு காலுக்கு மட்டும் செங்கல் முட்டுக் கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

ஏறியபின் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: பக்கவாட்டில் எட்டாதீர்கள். உங்கள் தொப்புள் ஏணியின் இரு பக்கச் சட்டங்களுக்கு நடுவிலேயே இருக்க வேண்டும். எட்டவில்லையா, இறங்கி ஏணியை நகர்த்துங்கள். அலுப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை. ஏறும்போது இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் ஏணியில் இருக்கட்டும். சாமானை இடுப்புப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஏணியில் ஒட்டியிருக்கும் எடை வரம்பில் அந்தச் சாமானின் எடையும் சேர்த்தி.

அலுமினியம் இலேசு, ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். விளக்கு வேலைக்கு ஃபைபர் ஏணியே நல்லது. அதற்காக மெயினை அணைக்காமல் ஏறிவிடாதீர்கள். கூரைப் பக்கம் மின்கம்பி போனால் எந்த ஏணியானாலும் 10 அடிக்குள் கொண்டுபோக வேண்டாம்.

அப்புறம் அந்த மர ஏணி. பெயிண்ட் அடிக்கக் கூடாது, அது விரிசலை மறைத்துவிடும். உள்ளே தெரிகிற வார்னிஷ் பூசலாம். அதற்கு முன் தரையில் கிடத்தி ஒவ்வொரு படியையும் அசைத்துப் பாருங்கள். விரிசலோ உளுத்த இடமோ இருந்தால் ஆணி அடித்து ஒட்டுப்போடாமல், வேறு யாரும் எடுத்து ஏறிவிடாதபடி அறுத்துப் போட்டுவிடுங்கள்.