விளம்பரம் நம்மை எப்படி வாங்க வைக்கிறது?

"நான் விளம்பரம் பார்த்து எதையும் வாங்குவதில்லை, அப்புறம் எதற்கு இத்தனை கோடி கொட்டுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்த்தவுடன் கடைக்கு ஓட வைப்பது மட்டும் அதன் வேலை இல்லை. நாலு மாதம் கழித்து மளிகைக் கடையில் நிற்கும்போது உங்கள் வாயில் முதலில் எந்தப் பெயர் வருகிறது என்பதற்குத்தான் அவ்வளவு செலவும்.

சில நேரம் பழக்கத்தையே புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கும். 1983இல் கடலூரில் தொடங்கிய சிக் ஷாம்பூவையே எடுத்துக்கொள்ளுங்கள். சீயக்காயும் சோப்பும் போட்டுக் குளித்த கிராமங்களுக்குப் போய், ஒரு பையனை உட்கார வைத்து எல்லார் முன்னாலும் தலையை அலசிவிட்டு, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். காலி பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றும் அறிவித்தார்கள். முதலில் எந்தக் கம்பெனி பாக்கெட்டாக இருந்தாலும் சரி, பிறகு சிக் பாக்கெட் மட்டும்தான். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் இதில் ஏமாற்று இல்லை.

எனக்கு உறுத்துவது இல்லாத குறையை உண்டாக்கி விற்கும் விளம்பரம். மாநிறப் பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது, க்ரீம் பூசியதும் எல்லாம் சரியாகிவிடும்! 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' பெயரிலிருந்து 'ஃபேர்' போனது 2020இல்தான்.