மாடிக் குசினி சிங்க்: கூரைக்கு வென்ட் பைப்பா, கீழே வால்வா?

உவர்மலை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மேல் மாடியில் புதிதாகக் குசினி கட்டினோம். சிங்க் தண்ணீர் இறங்கும்போது கொடகொட என்று சத்தம், பிறகு நாற்றம். கூரைக்கு மேலே வென்ட் பைப், அதாவது காற்று போய்வரும் பைப், எடுக்க வேண்டும் என்கிறார் பிளம்பர். சிங்க்குக்குக் கீழே சின்ன வால்வு ஒன்று போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். எதைக் கேட்பது?"

கீழ்வீட்டுக் குசினி என்றால் பெரும்பாலும் இரண்டுமே வேண்டாம். சிங்க் பைப் சுவரைத் தாண்டி வெளியே சிமெந்துத் தொட்டிக்கு மேல் திறந்தபடி நிற்கும்; அந்த வாயாலேயே காற்று போய்வரும். மாடியில் அப்படியில்லை. உங்கள் பைப் கக்கூஸ் பைப்போடு சேர்ந்து மூடியபடியே கீழே இறங்குகிறது. ஒரு துளை மட்டும் போட்ட டின்பால் பேணியைக் கவிழ்த்தால் பால் திணறித் திணறித்தானே வரும்? இங்கேயும் காற்றுக்கு வேறு வழியில்லாததால், இறங்கும் தண்ணீர் ட்ராப்பில், அதாவது சிங்க்குக்குக் கீழே உள்ள பைப் வளைவில், நிற்கும் தண்ணீரையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. நாற்றத்தை மறிப்பது அந்த 50 முதல் 75 மில்லிமீற்றர் தண்ணீர்தான்.

செலவு செய்ய முன் சிங்க்குக்குக் கீழே குனிந்து பாருங்கள். மடிப்பு மடிப்பான வளையும் ஹோஸோ, நேரே தரைக்குள் இறங்கும் 'எஸ்' வடிவ ட்ராப்போ இருந்தால், அதைக் கழற்றிவிட்டுச் சுவருக்குள் போகும் 'பி' ட்ராப் போடுங்கள். பிரித்தானிய விதிப்படி, தனி வென்ட் இல்லாத 40 மில்லிமீற்றர் சிங்க் பைப் 3 மீற்றருக்கு மேல் நீளக்கூடாது. வாட்டம் மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் அளவில் இருக்கட்டும். கூடுதலாகச் சரித்தால் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் ட்ராப்பை உறிஞ்சும்.

அதற்குப் பிறகும் சத்தம் நிற்கவில்லையா? கூரையில் ஏறிப் பாருங்கள். கக்கூஸ் பைப் ஏற்கெனவே மேலே திறந்தபடி நின்றால் கடைக்காரர் சொன்ன வால்வே போதும். ட்ராப்பிலிருந்து போகும் பைப்புக்குக் குறைந்தது 10 சென்ரிமீற்றர் மேலே, கைக்கு எட்டும் இடத்தில் அதைப் பொருத்த வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் ஒருநாள் பழுதாகும், மாற்ற வேண்டிவரும். சுவருக்குள் வைத்துப் பூசிவிடாதீர்கள்.

மேலே திறப்பே இல்லையென்றால் நான் பிளம்பர் பக்கம். வால்வு காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. மார்கழி மழையில் நிலம் ஊறிக் கக்கூஸ் குழி நிரம்பினால், பைப்புக்குள் இருக்கும் காற்று மேல்நோக்கித் தள்ளும். அதற்குப் போக வழியில்லாவிட்டால் சிங்க் ட்ராப் வழியாகத்தான் குமிழியிட்டு வரும். திறந்த வென்ட் இரண்டு பக்கமும் வேலை செய்யும்.

உள்சுவரை உடைக்கவும் தேவையில்லை. ட்ராப்புக்கு அருகில் 'T' வடிவ இணைப்பு ஒன்று போட்டு வென்ட் பைப்பை வெளிச்சுவரோடு ஏற்றலாம். சிங்க் விளிம்பைத் தாண்டி 15 சென்ரிமீற்றர் உயரும்வரை பைப்பைப் படுக்க விடாதீர்கள். 3 மீற்றருக்குள் யன்னல் இருந்தால் பைப்பின் வாய் அதைவிட 90 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கட்டும். வாயில் நுளம்பு புகாதபடி பிளாஸ்டிக் வலை கட்டுங்கள், கடற்காற்றுக்குக் கம்பி வலை துருப்பிடித்துவிடும். வெயில் படும் பிவிசிக்கு ஒரு பூச்சு பெயின்றும் அடித்துவிடுங்கள்.