அண்டவியல் ஆராய்ச்சி மாணவர்களுக்கான நன்கொடைப் பரிசு: பணம் எங்கிருந்து வருகிறது, எப்படி விண்ணப்பிப்பது?

பெரும்பாலும் இது வைப்புநிதிதான். நன்கொடையாளர் கொடுத்த அசலைத் தொடமாட்டார்கள். பல்கலைக்கழகம் அதை முதலீடு செய்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 4 சதவீதம் எடுத்துச் செலவிடும். அப்படியானால் 1,000 டாலர் பரிசுக்கு 25,000 டாலர் அசல் தேவை. சந்தை சரிந்த ஆண்டுகளில் சில பரிசுகள் சுருங்குவதும் நின்றுபோவதும் இதனால்தான்.

முதலில் நன்கொடை விதிமுறையைப் படியுங்கள். 'அண்டவியல்' என்று மட்டும் இருந்தால் விண்மீன் உருவாக்க ஆய்வு தகுதி பெறாமல் போகலாம். 'வானியற்பியல்' என்றிருந்தால் வாசல் அகலம்.

பலர் சறுக்குவது ஆய்வுச் சுருக்கத்தில். தேர்வுக் குழுவில் உங்கள் துறைக்கு வெளியே உள்ளவர்களும் இருப்பார்கள். "ஹபிள் முரண்பாட்டை ஆராய்கிறேன்" என்றால் அவர்களுக்கு எதுவும் பிடிபடாது. முரண்பாடு என்னவென்று முதலில் சொல்லுங்கள்: ஆதி அண்டத்தின் எச்ச ஒளியான அண்ட நுண்ணலைப் பின்னணியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் தரவிலிருந்து கணித்த அண்ட விரிவு வேகம், ஒரு மெகாபார்செக் (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) தொலைவுக்கு நொடிக்குச் சுமார் 67 கி.மீ.; ஒளி கூடிக் குறையும் செஃபீட் விண்மீன்கள், சூப்பர்நோவாக்கள் (விண்மீன் வெடிப்புகள்) வழி அளந்தால் சுமார் 73. இந்த இடைவெளியில் எந்தப் பிழை மூலத்தை நீங்கள் சோதித்தீர்கள் என்று இரண்டே வரியில் சொல்லுங்கள்.

கட்டுரையில் நூறு பேர் ஆசிரியர்களாக இருந்தால் உங்கள் பங்கு மறைந்துவிடும். நிரலை எழுதியது யார், பகுப்பாய்வு யாருடையது என்று நெறியாளரின் பரிந்துரைக் கடிதமும் தெளிவாகக் கூற வேண்டும். அவருக்கு மூன்று வாரமாவது அவகாசம் கொடுங்கள். அவசரத்தில் எழுதிய பொதுப்படையான கடிதம் நல்ல ஆய்வையும் கவிழ்த்துவிடும்.

பரிசுத்தொகைக்கு வரி உண்டா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.