அப்பாவின் வில்லுப்பாட்டுக்கு யூடியூபில் ‘க்ளெய்ம்’: என்ன செய்வது?

கேள்வி: என் அப்பா வில்லிசைக் கலைஞர், இப்போது இல்லை. 1998இல் ஒரு கேசட் கம்பெனி அவரைப் பாடவைத்து வெளியிட்டது. கோயில் கொடைத் திருவிழாவில் பாடியதை வீட்டிலேயே டேப்பில் பிடித்தும் வைத்திருந்தோம். இரண்டையும் யூடியூபில் ஏற்றினேன். இரண்டுக்கும் காப்புரிமை க்ளெய்ம் வந்துவிட்டது. கேஸ் வருமா? 8,000 ரூபாய் கொடுத்தால் நீக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஆட்சேபம் தெரிவிக்கும் ‘டிஸ்ப்யூட்’ பொத்தான் உங்கள் யூடியூப் ஸ்டூடியோவிலேயே இருக்கிறது, கட்டணம் கிடையாது. இந்த ஆசாமிகள் உங்கள் பாஸ்வேர்டை வாங்கி அதையேதான் அழுத்துவார்கள். பாஸ்வேர்டு கைமாறிய பிறகு சேனலே கைமாறிப்போன கதைகள் என்னிடம் நிறைய வருகின்றன.

கேஸ் என்று பயப்படவும் வேண்டாம். க்ளெய்ம் வேறு, உரிமையாளர் புகார் கொடுத்து வீடியோவையே நீக்கவைக்கும் ‘ஸ்ட்ரைக்’ வேறு. க்ளெய்ம் என்பது ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரம் போடுவது. பெரும்பாலும் வீடியோவின் விளம்பரக் காசு, உரிமை கோரியவருக்குப் போகும், அவ்வளவுதான். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால்தான் சேனலுக்கு ஆபத்து.

கொடை டேப்புக்கு வருவோம். பதிவு செய்ய முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவரே ஒலிப்பதிவின் உரிமையாளர் என்கிறது 1957 காப்புரிமைச் சட்டம். இங்கே அது உங்கள் குடும்பம். ஆனால் க்ளெய்ம் எந்த நிமிடத்தில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கதைக்கு நடுவே ரேடியோ செட்டில், அதாவது ஒலிபெருக்கியில், சினிமாப் பாட்டு ஓடியிருந்தால் அந்தத் துண்டுக்குத்தான் வந்திருக்கும். ‘கோயில் நிகழ்ச்சிக்கும் கல்யாணத்துக்கும் சட்டத்தில் விலக்கு உண்டே’ என்று எல்லோரும் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். உண்டு, பிரிவு 52இல். சாமி முன்னால், பந்தலுக்குள், ஊர்வலத்தில் பாட்டுப் போட்டுக்கொள்ளலாம். அந்தச் சடங்கோடு விலக்கு முடிந்தது. அதைப் பதிவு செய்து உலகம் முழுக்கப் பார்க்க ஏற்றுவது சடங்கு ஆகாது. கல்யாண வீடியோக்காரர்கள் எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. அந்தச் சினிமாப் பாட்டை ஸ்டூடியோவிலேயே வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஒலியை நிறுத்துங்கள். கோரல் அப்பாவின் குரல் மேலேயே இருந்தால் தயங்காமல் டிஸ்ப்யூட் செய்யுங்கள்.

அதற்குப் பதில் சொல்ல, கோரியவருக்கு 30 நாள் அவகாசம். ஆம், உங்கள் ஆட்சேபத்தை முதலில் விசாரிப்பவர் கோரியவரேதான்! இப்படி ஒரு பஞ்சாயத்து எந்த ஊரிலும் நடக்காது. அவர் மறுத்தால் அப்பீல் செய்யுங்கள்.

கேசட் விவகாரம் வேறு. கம்பெனி செலவு செய்து பதிவு செய்ததால் அந்த ஒலிப்பதிவு அவர்களுடையது. வெளியானதிலிருந்து 60 ஆண்டு நீடிக்கும். அதை டிஸ்ப்யூட் செய்யாதீர்கள். அப்பா சொந்தமாகக் கட்டிய வரிகள் மட்டும் தனிச்சொத்து. அவற்றின் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தாரா என்று பழைய பெட்டியைத் துழாவுங்கள். தாளில் கால வரம்பு இல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. தாள் கிடைத்தால் வக்கீலிடம் காட்டுங்கள். காலங்காலமாகப் பாடப்படும் சுடலைமாடன் கதையோ முத்துப்பட்டன் கதையோ எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை.

இன்னொரு கூட்டமும் உங்களைத் தேடி வரும். ‘பாட்டை எல்லாத் தளங்களிலும் போட்டுத் தருகிறோம், கையெழுத்து மட்டும் போடுங்கள்’ என்பார்கள். முன்பு கேசட் கடைக்காரர் செய்த வேலையை இன்று இந்த ஏஜென்சிகள் செய்கின்றன, நல்லவர்களும் இருக்கலாம். ஆனால் ‘நிரந்தரமாக’, ‘உலகமெங்கும்’, ‘இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்’ என்ற சொற்கள் இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு உங்கள் சேனலுக்கே அவர்களிடமிருந்து க்ளெய்ம் வரும். கொடையின் மூல டேப்பை அவர்களிடம் கொடுக்காதீர்கள். டிஜிட்டல் பிரதி மட்டும் கொடுங்கள், அதுவும் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம் என்றால் மட்டும்.