துணி மூட்டையில் போனவன்

அன்புள்ள ஐயா,

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் சுருக்கமாகப் படித்த 'ராபின்சன் குரூசோ'வைப் போன மாதம்தான் முழுதாகப் படித்து முடித்தேன். இருபத்தெட்டு வருடம் ஒரு தீவில் தன் கையை நம்பியே பிழைத்தவன் கதை. நம்மிடம் இப்படி ஒன்று ஏன் இல்லை? பயணம் என்றால் நமக்கு ஆற்றுப்படைதான். கையேந்தப் போகிறவனுக்கு வழி சொல்வது. வேலூரில் கோட்டை இருக்கிறது, சிறை இருக்கிறது, தன் காலில் நின்று தப்பிப் பிழைத்த ஒருவன் கதை இல்லை. தனியாக நிற்கத் தெரியாதவர்களுக்குச் சுதந்திரத்தைப் பற்றி என்ன தெரியும்? எங்கள் வீட்டிலேயே கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஒருவர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பல் ஏறினார். "போனவன் போனவன்தான்" என்று பாட்டி ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்.

கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

ச.

அன்புள்ள ச.,

கோபம் இருக்கட்டும். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், அதனால் குரூசோவின் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தீவில் ஒதுங்கிய பிறகு தன் நிலைமையை வரவு செலவு மாதிரி இரண்டு பத்தி போட்டு எழுதுவானே, நினைவிருக்கிறதா? உடைந்த கப்பல் கரைக்குப் பக்கத்தில் வந்து நின்றதை வரவில் வைக்கிறான், ஆனால் கடவுள் பேரில். அந்தக் கப்பலுக்குப் பத்துத் தடவைக்கு மேல் போய் வந்து கோடரி, ரம்பம், துப்பாக்கி, வெடிமருந்து, பிஸ்கட், ரம் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்கிறான். அந்த ரம்பத்தை அடித்த கொல்லன் பேரில் ஒரு காசு வரவு கிடையாது. இன்னொன்று, அவன் அந்தக் கப்பலில் ஏறியதே ஆப்பிரிக்காவுக்குப் போய் அடிமைகளை வாங்கி வரத்தான். 1719இல் வந்த புத்தகம். நல்ல புத்தகம், எனக்கும் பிடிக்கும். ஆனால் தன் கையை நம்பியே பிழைத்தான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஆற்றுப்படையைக் கையேந்தும் பாட்டு என்கிறீர்கள். சரி, பரிசுக்குப் போகிறவர்கள்தான். ஆனால் சிறுபாணாற்றுப்படையில் வரும் பாணன் வீட்டு அடுப்படியை ஒரு தடவை பாருங்கள். ஈன்ற நாய் தன் குட்டிக்குப் பால் கொடுக்கவும் தெம்பில்லாமல் குரைக்கிறது. குப்பையில் முளைத்த வேளைக்கீரையைப் பறித்து உப்பில்லாமல் வேகவைத்து, யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தோடு சேர்ந்து தின்கிறார்கள். அந்தச் சாத்திய கதவைப் பார்த்த பிறகு அவர்களைக் கையேந்திகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் பக்கத்துப் பாட்டே ஒன்று இருக்கிறது. மலைபடுகடாம். செங்கத்து நன்னனிடம் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்வது. செங்கம் பழைய வடாற்காடு ஜில்லாவில் இருந்த ஊர்தான். சொல்கிறவனும் ஒரு கூத்தன், பரிசு வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறவன். பேசாமல் போயிருக்கலாம், நின்று சொல்கிறான். என்ன சொல்கிறான்? தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்குப் பயந்து அது நுழையும் வழிதோறும் கல்பொறி வைத்திருப்பார்கள், இருட்டில் போகாதீர்கள், விடிந்த பிறகு போங்கள். புனங்காவலர் கவண்கல் விடுவார்கள், பெரிய மரமாகப் பார்த்து மறைந்துகொள்ளுங்கள். குழியில் பாம்பு கிடக்கும், கூட வரும் ஆடல் பெண்களான விறலியர் கும்பிட்டுக்கொள்ளட்டும், கொஞ்சம் விலகிப் போங்கள். பாசி படிந்த இடத்தில் கால் வழுக்கும், சிறுமூங்கிலையும் எருவை என்ற நாணல் கோலையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கடந்துவிடுங்கள். அப்புறம் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பது வரை, அவரை போட்ட புளிங்கூழ் உட்பட. உயிர் பிழைப்பதற்கு இதைவிடச் சுத்தமான கையேடு எனக்குத் தெரியாது. தான் பிழைத்த வழியை அடுத்தவனிடம் ஒப்படைப்பதற்கென்றே நம் ஆட்கள் ஒரு தனி இலக்கிய வகையை வைத்திருந்திருக்கிறார்கள்.

அதில் வரும் நவிரமலையைப் பருவதமலை என்று பலர் சொல்வார்கள். ஒரு பௌர்ணமிக்கு நான் ஏறியிருக்கிறேன். கடப்பாறைப் படியெல்லாம் தாண்டிவிட்டேன், இறங்கும்போது ஈரப்பாறையில் மாட்டிக்கொண்டேன். பின்னால் வந்த ஒரு பெரியவர், "கல்ல நம்பாத நைனா, வேரப் புடி" என்றார். அவர் மலைபடுகடாம் படித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி வேலூர்க் கோட்டை. தப்பித்தவன் கதை இல்லை என்கிறீர்கள். இருக்கிறது. 1614இல் விஜயநகர அரசர் வேங்கடபதி இறக்கிறார். அவர் கைகாட்டிய ஸ்ரீரங்கனை ஏற்காத ஜக்கராயன், ஸ்ரீரங்கனைக் குடும்பத்தோடு கோட்டையில் அடைத்து வைக்கிறான். அவர்கள் பக்கம் நின்ற யாசம நாயக்கன் வெளியே படையோடு இருந்தும் உள்ளே நுழைய முடியவில்லை. கடைசியில் வழி கண்டது துணி வெளுக்கிறவர் ஒருவர், உங்கள் பக்கத்தில் ஏகாலி என்பார்களே, அவர். சுமார் பன்னிரண்டு வயது நடுப்பிள்ளை ராமனை அழுக்குத் துணி மூட்டைக்குள் வைத்துக் கட்டி, காவல் எல்லாவற்றையும் தாண்டி வெளியே கொண்டு வந்துவிட்டார். பரடாஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் 1616 டிசம்பரில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது.

அந்த மூட்டையைக் கொஞ்ச நேரம் நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பையன் நல்ல கனம் இருப்பான். அவ்வளவு கனத்தையும் துணிக் கனம் என்று நம்பும்படி நடக்க வேண்டும். அகழி தாண்டும் வரை பையன் தும்மக் கூடாது. காவல்காரன் ஏன் அவிழ்த்துப் பார்க்கவில்லை? என் ஊகம் இதுதான்: அந்தப்புரத்து அழுக்குத் துணி, தொட்டால் தீட்டு. தூக்குகிறவனையும் தொட மாட்டார்கள், அவன் சுமையையும் தொட மாட்டார்கள். எந்த வழக்கம் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்ததோ, அதையே அவர் வாகனமாக்கிக்கொண்டார். உள்ளே மிச்சம் இருந்த குடும்பம் பிழைக்கவில்லை. தோப்பூரில் நடந்த சண்டைக்குப் பிறகு பையன் ராமதேவராயனாக அரசேறினான். வண்ணார் கதையில் வண்ணார் என்று மட்டும் இருக்கிறார், பெயர் இல்லை.

சிறையும் அப்படித்தான். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1941இல் வேலூர்ச் சிறைச் சுவரைத் துளைத்து வெளியேறினார், அதுவும் தோழர்களோடு.

ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பிழைத்தவர்களே எழுதியது நம்மிடம் குறைவு. அதற்குக் காரணம் தனியாக நிற்கத் தெரியாதது அல்ல. 1806 ஜூலை 10 அன்று அதே கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, ஆங்கிலத் தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட, அவர் மனைவி இரண்டு குழந்தைகளோடு கோழிக்கூண்டில் ஒளிந்து உயிர் தப்பினார். அதை அவரே எழுதினார், நாம் படிக்கிறோம். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்த பிறகு ஓடி ஒளிந்த சிப்பாய்கள் எந்தெந்தக் கூண்டில் இருந்தார்கள்? அவர்கள் குரல் விசாரணைக் காகிதங்களில்தான் கேட்கிறது, அதுவும் கேட்ட கேள்விக்குப் பதிலாக.

நேட்டாலுக்குப் போனவர்கள் கதையும் இதுதான். முதல் கப்பல் ட்ரூரோ சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911க்குள் இந்தியாவிலிருந்து 1,52,184 பேர் போனார்கள். சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள்தான் அதிகம், அவர்களில் வடாற்காட்டு ஆட்கள் ஏராளம். ஐந்து வருட ஒப்பந்தம், கரும்புத் தோட்டம். ஒப்பந்தம் முடிந்தவருக்கு அங்கே 'சுதந்திர இந்தியர்' என்று பெயர். 1895இல் ஒரு சட்டம் போட்டார்கள்: ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்குகிறவர் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும், இல்லையென்றால் திரும்ப ஒப்பந்தம், அல்லது ஊருக்குக் கப்பல். சுதந்திரத்துக்குச் சீட்டுப் போட்டு விலை சொன்னது அங்கேதான் என்று நினைக்கிறேன். 1913இல் ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டு நடந்த பிறகுதான், அடுத்த ஆண்டு அந்த வரி ஒழிந்தது.

உங்கள் பாட்டி "போனவன் போனவன்தான்" என்கிறார். ஆனால் அந்தத் தம்பி எங்கேயாவது எழுதப்பட்டிருக்கத்தான் வேண்டும். ஏனென்றால் கப்பலில் ஆள் ஏற்றியவர்கள் உங்களைப் போலவே கணக்கு எழுதுகிறவர்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் பட்டியல் போட்டார்கள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். கடைசியில் ஒரு பத்தி, உடம்பில் உள்ள அடையாளம். வலது முழங்காலில் தழும்பு, இடது கன்னத்தில் மச்சம், இந்த மாதிரி. பெயரைக் கேட்டபடி கண்டமேனிக்கு எழுதியிருப்பார்கள், அதனால் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கிடைக்காது. கொள்ளுத்தாத்தாவுடைய அப்பா பெயரும் அப்போதைய தாலுகாவும் வேண்டும். பழைய பத்திரம் எதிலாவது இருக்கும், பாருங்கள்.

அப்படியே பாட்டியிடம் இன்னொன்றும் கேளுங்கள். அந்தத் தம்பிக்கு உடம்பில் எங்கேயாவது தழும்பு இருந்ததாக வீட்டில் யாராவது சொன்னதுண்டா?