இந்த வயதில் மார்பு மறுசீரமைப்பா?

கேள்வி: புற்றுநோயால் இடது மார்பை எடுத்துச் சில வருடமாகிறது. ஜாக்கெட்டுக்குள் துணியைச் சுருட்டி வைத்துத்தான் சந்தைக்குப் போகிறேன், குனிந்தால் நழுவுகிறது. ஆபரேஷன் செய்து மார்பைத் திரும்ப உருவாக்கும் மறுசீரமைப்பு 52 வயதில் எதுக்கு என்கிறார் வீட்டுக்காரர். செய்துகொண்டவர்கள் திருப்தியாக இருக்கிறார்களாங்க?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நழுவுவது உங்களுக்குத்தானே அம்மிணி, அவருக்கா? வருடங்கள் கழித்தும் செய்யலாம். இந்தத் திருப்தியை அளக்கவே 2009-இல் ‘பிரெஸ்ட்-க்யூ’ என்ற கேள்வித்தாள் வந்தது. உடுத்தும்போது, கண்ணாடியில் பார்க்கும்போது எப்படி இருக்கிறது என்று நோயாளியையே கேட்கும். மார்பில் சிலிக்கான் பை வைத்தவர்களைவிட, தங்கள் அடிவயிற்றுச் சதையை எடுத்து மார்பு செய்துகொண்டவர்கள் பொதுவாகக் கூடுதல் திருப்தி சொல்கிறார்கள். ஆனால் அது பெரிய ஆபரேஷன். வயிற்றில் நீளத் தழும்பு விழும், சில வாரம் தண்ணிக்குடம் தூக்கக் கூடாது. தொடு உணர்ச்சியும் பழையபடி வராது. கதிர்வீச்சு எடுத்திருந்தால் சிலிக்கானில் சிக்கல் அதிகம், அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், வீட்டுக்காரரையும் கூட்டிப்போங்கள்.